கோத்தகிரியில் மகனின் கண் பரிசோதனை

உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மரபணு நோயான மார்ஃபான் நோய்க்குறி உள்ள என் மகனுக்கு, இரு கண்களிலும் இடம்பெயர்ந்திருந்த லென்ஸை டொராண்டோவில் அறுவை சிகிச்சை செய்து அகற்றியிருந்தார்கள். செயற்கை லென்ஸ் பொருத்தவில்லை; தடித்த பிளஸ் (குவிலென்ஸ்) கண்ணாடியே அவனுக்குத் துணை. இந்த நோயில், ஃபைப்ரிலின்-1 என்னும் புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறையால், லென்ஸைத் தாங்கும் நுண்ணிழைகள் நெகிழ்ந்து அது பெரும்பாலும் மேல்நோக்கி விலகிவிடுகிறது.

கோடை விடுமுறையில் கோத்தகிரியில் தாத்தா, பாட்டியோடு இருந்தபோது, எதிர்ச்சரிவில் உள்ள தேயிலைத் தோட்டம் மங்கலாகத் தெரிவதாக அவன் சொன்னான். குன்னூரில் ஓரிடத்தில் காட்டினோம். ஐந்து நிமிடத்தில் பவரை அளந்துவிட்டு, +9 இருந்தது +8 ஆகியிருப்பதால் அறுவை சிகிச்சை சரியாக நிற்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அருகில் உள்ளதைப் பார்ப்பதற்குத் தனிப் பவரும் எழுதித் தரவில்லை. லென்ஸ் இல்லாத கண்ணால் தூரத்திலிருந்து அருகே தானாகக் குவியம் மாற்ற இயலாது என்பதால், அந்தப் பவர் இல்லாமல் அவன் எப்படிப் படிப்பான் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

கோத்தகிரியில் எங்களைப் பார்த்த இளம் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையை அளந்து கண்ணாடி எழுதித் தருபவர்) முதலில் பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கித் தேதி வாரியாக அடுக்கினார். தூரத்தில் உள்ளதைப் பார்க்கும்போது மகன் கண்ணாடியை முகத்தோடு அழுத்திக்கொள்வதை அவர்தான் கவனித்தார்: பிளஸ் கண்ணாடி கண்ணுக்கு நெருங்கினால் அதன் வலு குறையும், விலகினால் கூடும், எனவே பழைய பவர் அவனுக்கு இப்போது அதிகம். “அறுவை சிகிச்சை கெடவில்லை, அக்கா. பையன் வளர்கிறான், கண்ணும் நீளமாக வளர்கிறது; அதனால் பிளஸ் குறைவது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்” என்றார். எங்கள் மலையில் இப்படி நிதானமாகப் பார்ப்பவர் ஒருவர் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்ணின் நீளத்தை அளக்கவும் விழித்திரையைப் பார்க்கவும் அவர் கோவைக்கு அனுப்பினார். மார்ஃபான் கண்ணில், அதிலும் லென்ஸ் எடுத்த பின், விழித்திரை பிரியும் ஆபத்து கூடுதல் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கோவை மருத்துவர் கண் பாப்பாவை விரிவாக்கும் மருந்து விட்டு ஓரம் வரை பார்த்தார், கண்ணழுத்தம் அளந்தார், மார்ஃபான் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியையும் பாதிக்கும் என்பதால் அதன் எக்கோ அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படித்தார். விழித்திரை நன்றாக இருந்தது. திடீரென மின்னல் போன்ற ஒளியோ, மிதக்கும் புள்ளிகளோ, திரை விழுந்தது போன்ற நிழலோ தெரிந்தால் அன்றே வர வேண்டும் என்றார்.

படிப்பதற்காகக் கீழ்ப்பாதியில் +3 கூட்டிய புதிய கண்ணாடி கோவையிலிருந்து வந்தது. மூக்கில் சரியாதபடி கோத்தகிரியிலேயே பட்டை வைத்துக் கொடுத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவால் மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவது உண்டு. அன்றே மலையிறங்க வேண்டிய நிலை அவனுக்கு வரலாம் என்பதால், இனி அந்த மாதங்களில் அவனை ஊருக்கு அழைத்து வருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.