சுங்கை சிப்புட்டில் கிடைக்கும் தமிழ்ச் சுடோகு பயிற்சி ஏடு: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில், பள்ளிச் சீருடையும் எழுதுபொருள்களும் விற்று, போட்டோஸ்டாட்டும் எடுத்துத் தரும் ஒரு சிறிய கடையில், சில மாதங்களாகத் தமிழில் ஒரு சுடோகு பயிற்சி ஏடு கிடைத்து வருகிறது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தொகுத்ததைக் கடைக்காரரே ஏ4 தாளில் அச்செடுத்து, சுருள்கம்பி போட்டுக் கட்டி, எட்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார். மொத்தம் 80 புதிர்கள்; பக்கத்துக்கு ஒன்று. ஈப்போவுக்குப் போனால் சுடோகு புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை என்றாலும், அவற்றின் விளக்கப் பக்கங்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு பால்மரம் வெட்டப் போன தலைமுறையினர் பலர் இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். எண்களைக் கையாள்வதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் எப்படித் தொடங்குவது என்பதைத் தமிழில் சொல்லித்தர இதுவரை அவர்கள் கையில் ஓர் ஏடு இல்லை. அந்தக் குறையைப் போக்க வந்த முயற்சி என்பதாலேயே இதை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து எழுதுகிறேன்.

விதியை அரைப் பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகிறார் ஆசிரியர். இடமிருந்து வலமாக ஒன்பது நிரை, மேலிருந்து கீழாக ஒன்பது நிரல், மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டி. இவை ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை எல்லா எண்களும் ஒருமுறை மட்டுமே வரவேண்டும். இதற்குக் கூட்டலோ கழித்தலோ வேண்டியதில்லை என்று அடிக்கோடிட்டுச் சொல்லியிருப்பது மிகவும் நல்லது. கணக்கு என்று நினைத்தே ஒதுங்கிப் போகிறவர்கள் பலர்.

ஏட்டின் உயிர் அடுத்து வரும் நான்கு பக்கங்களில் இருக்கிறது. வெற்றுக் கட்டத்தைப் பார்த்து "இங்கே எந்த எண் வரும்?" என்று கேட்பதுதான் புதியவர்களின் இயல்பு. ஆசிரியர் கேள்வியைத் திருப்பிப் போடச் சொல்கிறார்: ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, "இந்தப் பெட்டியில் இது எங்கே வரும்?" என்று கேட்க வேண்டும். அவர் காட்டும் எடுத்துக்காட்டு தெளிவானது. மேல்வரிசைப் பெட்டிகள் மூன்றையும் பாருங்கள். இடப்பக்கப் பெட்டியில், முதல் நிரையில் ஒரு 7 இருக்கிறது. வலப்பக்கப் பெட்டியில், மூன்றாம் நிரையில் இன்னொரு 7 இருக்கிறது. நடுப்பெட்டிக்கும் ஒரு 7 வேண்டும். முதல் நிரையும் மூன்றாம் நிரையும் ஏற்கெனவே 7 பெற்றுவிட்டதால், அது இரண்டாம் நிரையில் மட்டுமே வர முடியும். ஒன்பது கட்டங்கள் மூன்றாகக் குறைந்துவிட்டன. அந்த மூன்றில் வலக்கோடியில் 9 அச்சிடப்பட்டிருக்கிறது. மிஞ்சியவை இரண்டு. இப்போது கண்ணைக் கீழே இறக்கினால், நான்காம் நிரலில், எட்டாம் நிரையில் ஒரு 7 நிற்கிறது. ஆகவே நான்காம் நிரலில் உள்ள கட்டமும் போயிற்று. எஞ்சிய ஒரே கட்டம் இரண்டாம் நிரையும் ஐந்தாம் நிரலும் சந்திக்கும் இடம். அங்கே 7ஐத் துணிந்து எழுதலாம்.

இதில் ஊகத்துக்கு இடமே இல்லை என்பதைப் படிப்பவர் தாமே உணரும்படி படம் போட்டிருக்கிறார்கள்: நிரைகள் வழியாகவும் நிரல் வழியாகவும் மெல்லிய சாம்பல் நிறப் பட்டைகள் ஓட, பட்டை படாத கட்டம் ஒன்று மட்டும் வெண்மையாக நிற்கிறது. ஏற்கெனவே அதிகமாகத் தென்படும் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்றும், ஓர் எண்ணை எழுதியவுடன் அது புதிதாக அடைத்த நிரையையும் நிரலையும் உடனே பார்க்க வேண்டும் என்றும் இரண்டு அறிவுரைகள் வருகின்றன. இரண்டாவது அறிவுரைதான் விலைமதிப்பற்றது. எழுதிய எண்ணிலிருந்தே அடுத்த எண் பிறக்கிறது என்பதை அறியாதவர்கள், ஒவ்வொரு முறையும் 1லிருந்து மறுபடி தேடத் தொடங்கிச் சோர்ந்துபோகிறார்கள்.

முதல் 20 புதிர்கள் முழுவதும் இந்த ஒரே உத்தியில் முடிகின்றன. நான் அனைத்தையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட வேறு உத்தி கேட்கவில்லை. இன்று பலரும் எடுத்த எடுப்பிலேயே எல்லாக் கட்டங்களிலும் சாத்தியமான எண்களைப் பொடியாக எழுதிக் குவிக்கக் கற்றுத்தருகிறார்கள். அப்படிச் செய்தால் பலகை கரிபடிந்து, கண் பெட்டிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கையெழுத்தையே படித்துக்கொண்டிருக்கும். சிறு எண்களை இரண்டாம் பகுதி வரை தள்ளிவைத்த ஆசிரியரின் முடிவை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

இரண்டாம் உத்தி, கட்டத்தின் பக்கமிருந்து பார்ப்பது. எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதன் நிரையிலும் நிரலிலும் பெட்டியிலும் சேர்த்து அதனோடு உறவுடைய கட்டங்கள் 20. அந்த இருபதில் எட்டு வெவ்வேறு எண்கள் தென்பட்டுவிட்டால், ஒன்பதாவது எண்ணுக்கு அந்தக் கட்டம்தான். இதைக் கண்டுபிடிப்பது முதல் உத்தியைவிடக் கடினம், ஏனென்றால் எட்டு எண்களும் மூன்று திசைகளில் சிதறிக் கிடக்கும். நிரையும் நிரலும் பெட்டியும் நன்றாக நிறைந்திருக்கும் சந்திப்புகளில் மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்லியிருப்பது சரியான வழி.

சிறு எண்கள் எழுதத் தொடங்கும் இடத்தில்தான் ஏட்டின் அச்சமைப்பு கைகொடுக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். 1 இடப்பக்க மேல் மூலையிலும், 5 நட்ட நடுவிலும், 9 வலப்பக்கக் கீழ் மூலையிலுமாக, ஒவ்வோர் எண்ணுக்கும் கட்டத்துக்குள் ஓர் இடம் வைத்து எழுதும் முறையை விளக்கியிருக்கிறார்கள். அப்படி எழுத இந்த அகலம் போதுமானது. கைக்கு அடக்கமான புத்தகங்களில் பக்கத்துக்கு இரண்டு மூன்று புதிர்களை நெருக்கி அச்சிட்டிருப்பதால், கண்ணாடி போட்டவர்கள்கூட அங்கே இரண்டு எண்களுக்கு மேல் எழுத முடியாது. தாள் சாதாரண போட்டோஸ்டாட் தாள்தான் என்றாலும், 2பி பென்சிலில் மெல்ல எழுதினால் பலமுறை அழித்தாலும் கிழியவில்லை. மறுபக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. சுருள்கம்பி இருப்பதால் ஏட்டை மடக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு எழுதலாம். ஐந்தடியில், அதாவது கடைகளின் முன்னால் உள்ள நடைபாதை வாசலில், உட்கார்ந்து போடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

என் பக்கத்து வீட்டில், தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இந்த ஏட்டைத் தம் பேத்தியோடு சேர்ந்து போடுகிறார். அவர் மரக் கோலை நிரையின் கீழே வைத்து, பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகத்தில் பேர் பார்ப்பதுபோல் இடமிருந்து வலமாக நகர்த்துவார். நான்காம் ஆண்டில் படிக்கும் அந்தப் பிள்ளை விரலை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டி, "தாத்தா, அங்க மூனு வராது, கீழ பாருங்க, ஏற்கனவே இருக்கு" என்று சொல்லிவிடும். அவர் நிரையைப் பார்க்கிறார், அது நிரலைப் பார்க்கிறது. முதல் உத்திக்கு இரண்டும் வேண்டும் என்பதால் இருவரும் சேர்ந்து போடும்போது தடையின்றிப் போகிறது.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, புதிர்களைத் தரம் பிரித்த முறை. கொடுக்கப்பட்ட எண்களின் எண்ணிக்கையை மட்டுமே வைத்து நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் பகுதியில் 36, பிறகு 32, 28, 24 என்று குறைகிறது. எண்கள் குறையக் குறையப் புதிர் கடினமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அது சரியன்று. ஒரே விடை மட்டும் கொண்ட புதிருக்குக் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்பதை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவயரும் அவருடைய குழுவினரும் 2012ஆம் ஆண்டு கணினி வழியாக நிறுவினார்கள். அந்த 17 எண் புதிர்களிலேயே பலவற்றை, மேலே சொன்ன இரண்டு எளிய உத்திகளைக் கொண்டே முடித்துவிடலாம். எண்கள் எத்தனை என்பதைவிட, அவை எங்கே இருக்கின்றன, அடுத்த அடிக்கு எந்த உத்தி தேவைப்படுகிறது என்பதே கடினத்தைத் தீர்மானிக்கிறது. இந்த ஏட்டிலேயே சான்று இருக்கிறது. மூன்றாம் பகுதியில் உள்ள 47ஆம் புதிர் முதல் உத்தியிலேயே சரசரவென்று முடிந்துவிட, இரண்டாம் பகுதியின் 33ஆம் புதிர், ஏட்டில் எங்கும் விளக்கப்படாத ஓர் உத்தியைக் கேட்டு நடுவழியில் நிறுத்திவிடுகிறது. அங்கே வந்து நிற்கிற புதியவர் தம் திறமையைச் சந்தேகிப்பாரே தவிர, ஏட்டைச் சந்தேகிக்க மாட்டார்.

அந்த விடுபட்ட உத்தி ஒன்றும் பெரிய வித்தையல்ல. மேல் இடப்பக்கப் பெட்டியில் 4 எங்கே வரும் என்று தேடுகிறோம். இரண்டாம் நிரையின் முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும் மட்டுமே மிஞ்சுகின்றன. இரண்டில் எது என்று தெரியாது. ஆனால் எதுவாக இருந்தாலும் இரண்டாம் நிரையின் 4 அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஆகவே அதே நிரையில் வலப்பக்கப் பெட்டிக்குள் விழும் கட்டங்களிலிருந்து 4ஐ நீக்கிவிடலாம். அந்த வலப்பக்கப் பெட்டியில் 4க்கு இரண்டாம் நிரையில் ஒரு கட்டமும் முதல் நிரையில் ஒரு கட்டமும் இருந்திருந்தால், இப்போது முதல் நிரையின் கட்டம் உறுதியாகிறது. ஓர் எண்ணின் இடம் தெரியாமலேயே இன்னோர் எண்ணை எழுத முடிகிறது என்பதுதான் இதன் அழகு. முதல் உத்தியிலிருந்து இயல்பாக வளரும் அடுத்த படி இது. இதை விட்டுவிட்டு ஆசிரியர் நேரே இணை எண்களுக்கு, அதாவது ஒரே நிரையிலோ நிரலிலோ பெட்டியிலோ உள்ள இரண்டு கட்டங்களில் அதே இரண்டு எண்கள் மட்டுமே வரக்கூடிய நிலைக்கு, தாவிவிடுகிறார். ஒரு பக்கம் சேர்த்தால் போதும், இரண்டாம் பகுதி முழுவதும் சீராகிவிடும்.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. நான் வாங்கிய படியில் 72ஆம் புதிருக்கு இரண்டு விடைகள் இருந்தன. எல்லாம் நிரம்பி இறுதியில் நான்கு கட்டங்கள் எஞ்சின: நான்காம் நிரையிலும் ஏழாம் நிரையிலும், முதல் நிரலும் மூன்றாம் நிரலும் சந்திக்கும் கட்டங்கள். நான்கிலும் வரக்கூடியவை 2, 8 மட்டுமே. இரண்டு நிரை, இரண்டு நிரல், இரண்டு பெட்டி என்று அமைந்துவிட்டதால், 2ஐயும் 8ஐயும் எப்படி மாற்றிப் போட்டாலும் எந்த விதியும் மீறப்படவில்லை. விடைப் பக்கத்தில் ஒன்று மட்டுமே தரப்பட்டிருக்கிறது. சரியாகப் போட்டவர் தம்முடையது தவறு என்று அழித்துக்கொண்டிருப்பார். அந்த நான்கு கட்டங்களில் ஏதேனும் ஒன்றை முன்கூட்டியே அச்சிட்டிருந்தால் சிக்கல் தீர்ந்திருக்கும். கடைக்காரரிடம் தாளில் வரைந்து காட்டியதும் அவர் தொகுத்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது எடுக்கும் படிகளில் நான்காம் நிரையின் முதல் கட்டத்தில் 2 சேர்க்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு விரைவாகத் திருத்தியது பாராட்டுக்குரியது.

முன்னுரையில் சுடோகு ஜப்பானில் தோன்றிய பழங்கால விளையாட்டு என்று எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தைப் பெட்டிகளாகப் பிரித்த இன்றைய வடிவம் 1979இல் அமெரிக்காவில் டெல் என்ற இதழ் வெளியீட்டு நிறுவனத்தின் புதிர் இதழில் வெளிவந்தது. அதை அமைத்தவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் என்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஜப்பானில் நிக்கோலி என்ற புதிர் வெளியீட்டு நிறுவனம் 1984இல் அதை எடுத்துக்கொண்டு இன்றைய பெயரோடு வளர்த்தது. பிறகு ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்த வெய்ன் கோல்ட், புதிர்களை உருவாக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதி, 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் நாளிதழில் இடம்பெறச் செய்த பிறகே அது உலகெங்கும் பரவியது.

விடைப் பகுதியில் ஒரு நல்ல புதுமை உண்டு. முழு விடைக்கு முன்னால், ஒவ்வொரு புதிருக்கும் முதல் ஐந்து எண்களை எந்த வரிசையில் எழுதலாம் என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். திக்கி நிற்பவர் முழு விடையையும் பார்த்துப் புதிரைக் கெடுத்துக்கொள்ளாமல், ஓர் அடி மட்டும் எட்டிப்பார்த்துவிட்டுத் தம் பக்கத்துக்குத் திரும்பலாம். விலைகூடிய புத்தகங்களிலும் நான் இதைக் கண்டதில்லை.

நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், இப்போதுதான் தொடங்கும் பெரியவர்களுக்கும் இந்த ஏட்டைத் தயங்காமல் வாங்கித் தரலாம். முதல் 20 புதிர்களை முடித்தபின் 33ஐத் தாண்டிவிட்டு, 47ஐ முன்னால் போடுவது நல்லது. ஏற்கெனவே இணை எண்கள்வரை கைவந்தவர்களுக்கு நான்காம் பகுதியைத் தவிர இதில் பெரிதாக ஒன்றுமில்லை. கடைக்காரர் படிகளை அதிகமாக அச்செடுத்து வைப்பதில்லை. காலையில் சொல்லிவைத்தால் மாலைக்குள் கட்டித் தருகிறார். வாங்கும்போது 72ஆம் புதிரின் பக்கத்தைத் திருப்பி, திருத்திய படிதானா என்று பார்த்து வாங்குங்கள்.