கையில் 2 லட்சம்: வீட்டுக்கடனில் கட்டுவதா, பர்சனல் லோனை அடைப்பதா?

போனஸோ சீட்டுப் பணமோ, 2 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு கடன் ஓடுகிறது. வீட்டுக்கடன் 30 லட்சம், 8.5% வட்டி, 20 வருடம், மாதத் தவணை 26,035 ரூபாய். பர்சனல் லோன் 5 லட்சம், 14%, 5 வருடம், தவணை 11,634. இரண்டும் புதுக்கடன் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆன்லைன் கால்குலேட்டரில் 2 லட்சத்தைப் போட்டால், வீட்டுக்கடனில் சுமார் 7.5 லட்சம் வட்டி மிச்சமாகும், 37 தவணை குறையும் என்று காட்டும். பர்சனல் லோனில் மிச்சம் 1.39 லட்சம்தான். இதைப் பார்த்தே பலர் வீட்டுக்கடன் பக்கம் சாய்கிறார்கள். அந்த 7.5 லட்சம் இன்றைக்குக் கையில் வரும் பணம் இல்லை. 17 வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு, கடைசி மூன்று வருடத் தவணை இல்லாமல் போவதால் வருவது. ஒரு வருடத்துக்கு மட்டும் பாருங்கள்: அதே 2 லட்சம் வீட்டுக்கடனில் 17,000 ரூபாய் வட்டியைக் குறைக்கும், பர்சனல் லோனில் 28,000.

சரியாக ஒப்பிட ஒரே வழி, இரண்டு கடனும் முடியும் வரை இரண்டு தவணையும் சேர்ந்த மாதம் 37,669 ரூபாயை விடாமல் கட்டுவதாகக் கணக்குப் போடுவது. 2 லட்சத்தை வீட்டுக்கடனில் போட்டால் எல்லாம் முடிய 143 மாதம். பர்சனல் லோனில் போட்டால் அது 31-ஆம் மாதமே முடியும். அந்த 11,634-ஐயும் வீட்டுக்கடனில் சேர்த்துக் கட்டினால் 139 மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். மொத்தமாகக் கட்டும் தொகையில் வித்தியாசம் சுமார் 1.2 லட்சம். பர்சனல் லோனில் பகுதித் தொகை கட்ட வங்கி 3% கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் கேட்டால் 7,080 ரூபாய் போகும். போனாலும் லாபம்தான்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 31-ஆம் மாதம் விடுபடும் 11,634 வீட்டுச் செலவில் கரைந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது வீட்டுக்கடனில் போட்டதே மேல். பர்சனல் லோன் முடிந்த அன்றே அந்தத் தொகைக்கு வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் (மாதாமாதம் தானாகவே வீட்டுக்கடனுக்குப் பணம் போகும் ஏற்பாடு) போட்டுவிடுங்கள்.

பர்சனல் லோன் முடியும் தறுவாயில் இருந்தால் தொட வேண்டாம். 6 தவணை பாக்கி என்றால் அசல் சுமார் 67,000, இனி வரும் வட்டி 2,760 ரூபாய்தான். 4% கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 3,160. முன்கூட்டி அடைத்தால் கைநஷ்டம். சில வங்கிகள் முதல் 12 தவணை வரை பகுதித் தொகை வாங்கவே மாட்டார்கள். லோன் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை முதலில் படியுங்கள். தனிநபர் பெயரில் உள்ள ஃப்ளோட்டிங் வட்டி (சந்தைக்கேற்ப மாறும் வட்டி) வீட்டுக்கடனுக்கு இந்தத் தொல்லை இல்லை. முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

பைக் லோனில் 'ஃப்ளாட் 9%', அதாவது அசல் குறைந்தாலும் கடைசிவரை முழுக் கடன் தொகைக்கும் 9% வட்டி, என்று சொல்லியிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். 5 வருடத்துக்கு அது குறையும் அசல் கணக்கில் கிட்டத்தட்ட 16%. வரிசையில் அதற்குத்தான் முதல் இடம்.

வரிச்சலுகை போய்விடுமே என்ற பயமும் பலருக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு, பழைய வரிமுறையில் வருடம் 2 லட்சம் வட்டி வரைதான் வருமானத்தில் கழிவு. மேலே சொன்ன கடனில் முதல் வருட வட்டியே 2.5 லட்சம். 2 லட்சம் கட்டிய பிறகும் 2.35 லட்சம் வரும், ஆகவே அந்த வருடக் கழிவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை.

எதில் கட்டினாலும், 'அசலில் கழிக்கவும், தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் பணம் அட்வான்ஸ் தவணையாகக் கணக்கில் சும்மா கிடக்கும், அல்லது தவணை மட்டும் குறைந்து காலம் அப்படியே இருக்கும். ஒரு வாரத்தில் புதிய தவணை அட்டவணையை வாங்கி, பாக்கி அசலில் முழு 2 லட்சமும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பர்சனல் லோனை முழுதாக அடைத்தால் என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற வங்கிச் சான்று) வாங்குங்கள், கணக்கிலிருந்து பணம் எடுக்கும் நாச் மேண்டேட்டை ரத்து செய்யுங்கள், இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாறு) 'குளோஸ்டு' என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள்.