மதுரையில் போட்டுக்கொண்ட போடாக்ஸ் ஊசி

லண்டனில் இருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பல் கட்டுவார்கள், கண்ணாடி மாற்றுவார்கள். நான் பார்த்துக்கொண்டது நாள்பட்ட ஆசனவாய் வெடிப்புக்கான வைத்தியம். வெளியே சொல்லக் கூசும் நோய் என்பதால்தான் எழுதுகிறேன்.

இங்கே முதலில் நைட்ரோகிளிசரின் களிம்பு கொடுத்தார்கள். தடவினால் தலை இடித்தது. பிறகு டில்டியாசெம் என்ற இன்னொரு களிம்பு. புண் ஆறவில்லை, நிபுணருக்கான வரிசையும் நகரவில்லை. மதுரையிலோ காலையில் டோக்கன் வாங்கினால் மதியத்துக்குள் பெண் அறுவை மருத்துவரையே பார்த்துவிட முடிந்தது.

முதலில் போன மருத்துவமனையில் பரிசோதித்த கையோடு, "நாளைக்கே அட்மிட் ஆகுங்கள், ஆசனவாயின் உள்தசையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் போதும்" என்றார்கள். அது நல்ல சிகிச்சைதான். பத்தில் ஒன்பது பேருக்கு ஆறிவிடும். ஆனால் வெட்டிய தசை பழையபடி ஆகாது. சிலருக்கு வாயுவையும் மலத்தையும் அடக்கும் பிடி தளர்ந்துவிடும். பிரசவத்தில் ஆழமாகக் கிழிந்து தையல் போட்டவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். நான் அந்த ரகம். பிரசவத்தைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்காததால் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "அப்படியானால் வெட்ட வேண்டாம் அம்மா, ஊசி போட்டுப் பார்ப்போம்" என்றார். தசை இறுகிக் கிடப்பதால் ரத்தம் சரியாகப் போவதில்லை, அதனால்தான் வெடிப்பு ஆறுவதில்லை. போடாக்ஸ் ஊசியில் இருக்கும் பொட்டுலினம் நச்சு அந்த இறுக்கத்தை ஏறத்தாழ 3 மாதம் தளர்த்தி வைக்கும். புண் அதற்குள் ஆற வேண்டும். 1998இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், 20 யூனிட் போட்டவர்களில் 73 சதவீதத்தினருக்கு இரண்டு மாதத்தில் ஆறியிருந்தது. வெறும் உப்புநீர் போட்டவர்களில் 13 சதவீதம்தான். திரும்ப வரவும் கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

மருந்தை நாங்களே வாங்கிவர வேண்டியிருந்தது. மொத்தச் செலவில் பெரும்பங்கு அதுதான். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொதிகளுக்கு நடுவே கட்டைவிரல் அளவுக் குப்பி. அதைத் தம்பி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தான். செவிலியர் என் கண்முன்னே காலாவதி தேதியைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உப்புநீரில் கலக்கினார். லேசாக மயக்கம் கொடுத்து வெடிப்பின் இருபுறமும் ஊசி. மாலையே வீடு. இசப்கோல், வெதுவெதுப்பான நீரில் உட்காருவது எல்லாம் வழக்கம்போல.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'மூலம்' என்று எழுதியிருந்தார்கள்! திருத்தச் சொல்லி, மருந்தின் பெயரையும் யூனிட்டையும் சேர்த்து எழுதி வாங்கினேன். லண்டன் மருத்துவருக்கு அந்த விவரம் வேண்டும்.

வலி ஒரு வாரத்தில் அடங்கியது. வாயு மட்டும் சில நாள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உறவினர் கல்யாணத்தில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன். போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் விடுமுறையின் தொடக்கத்திலேயே போட்டுக்கொண்டால், விமானம் ஏறும் முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடலாம்.