அம்பாசடருக்கு ‘புது ஏ.சி. பம்ப், புது லைன்’ என்று பில் வந்தால், காசு கொடுக்குமுன் அடியில் குனிந்து பாருங்கள்

வண்டி மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். வெயிலில் கொஞ்ச தூரம் ஓடினால் முக்கி முக்கி நின்றுவிடும், ஆறினால் கிளம்பும். சென்னையில் பழைய கார் வேலைக்கென்றே இருக்கும் ஒரு ஷெட்டில் விட்டதற்கு வந்த பில்: புது ஏ.சி. பம்ப் (குளிரூட்டி அல்ல, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளும் பம்ப்; ஏ.சி. என்பது கம்பெனிப் பெயர்), டேங்க் முதல் கார்ப்பரேட்டர் வரை புது லைன் (பெட்ரோல் போகும் குழாயும் ஓஸும்), டேங்க் வாஷ், லேபர். பதினெட்டாயிரத்துச் சொச்சம். சில வாரத்தில் அதே கோளாறு திரும்பியது, கூடவே என்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாடை. “பம்ப் டூப்ளிகேட் வந்துடுச்சு சார், வேற போட்டுடலாம்” என்று அதற்கும் தனியாக வாங்கிக்கொண்டார்கள்.

வேறு இடத்தில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ‘புது’ பம்ப் என்பது பழைய பாடிக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து உள்ளே லோக்கல் கிட் (ரப்பர் பாகங்களின் செட்) போட்டது. பம்பின் லீவர் நுனியில் கேம் (என்ஜினோடு சுற்றி லீவரைத் தள்ளும் மேடு) உரசித் தேய்ந்த வழவழப்பான பள்ளம் இருந்தது; புது பம்பில் அது இருக்க வழியே இல்லை. மேல்மூடி ஸ்க்ரூவின் காடியில் பெயின்ட்டுக்கு மேல் திருப்புளி வழுக்கிய தழும்பு வேறு. லைனில் மாற்றியது, பானெட்டைத் திறந்தால் கண்ணில் படும் ஒரு அடி ஓஸ் மட்டும்தான், அதுவும் கம்ப்ரசருக்குப் போடும் காற்று ஓஸ். டேங்க் பக்கத்து ரப்பர் பழையதேதான், கறுப்பு பாலிஷ் தடவியிருந்தது. விரலால் வளைத்ததும் வெடிப்பு வாய் பிளந்தது.

கோளாறின் வேர் அந்த வெடிப்பில்தான் இருந்தது. டேங்கிலிருந்து பம்ப் வரை லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டுவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். தரையில் ஈரம் இருக்காது, அதனால் பழி பம்பின் மேல் விழும். அம்பாசடரில் பம்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (என்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) ஒரே பக்கம் என்பதால் சூட்டில் பெட்ரோல் ஆவியாவதும் சேர்ந்துகொள்ளும். டாக்ஸிக்காரர்கள் பம்பில் ஈரத்துணி சுற்றியது அதற்காகத்தான். துணி சுற்றினால் சூட்டுக் கோளாறு தணியும், காற்று இழுக்கும் கோளாறு தணியாது.

பம்பைக் கழற்றுமுன் இரண்டு சோதனை போதும். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால், மூடியின் காற்றுத் துளையில் அடைப்பு. இல்லையென்றால், பம்பின் உள்வழி ஓஸைக் கழற்றிவிட்டு, எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் தரையில் வைத்த பெட்ரோல் கேனிலிருந்து ஒரு புது ஓஸ் கொடுத்து ஓட விடுங்கள் (தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்). சூடேறியும் நிற்காமல் ஓடினால் பம்ப் நல்லது, பின்னால் உள்ள லைனைப் பாருங்கள். இதைச் செய்யாமலே பம்புக்கு விலை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தது பம்புக்குள் உள்ள டயாஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர் சவ்வு) கிழிந்ததால். கசியும் பெட்ரோல் லீவர் பக்கமாகச் சம்ப்புக்குள் (என்ஜின் ஆயில் நிற்கும் அடித்தொட்டி) இறங்கும், டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும், ஆயில் நீர்த்து பேரிங் தேயும். பம்ப் மாற்றினால் ஆயிலும் ஃபில்டரும் கூடவே மாற்ற வேண்டும். இங்கே ஆயிலை யாரும் தொடவில்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பர் கிட் அதில் ஊறிப் பருத்துப் பிறகு இறுகிவிடும். எத்தனால் தாங்கும் டயாஃப்ரமா என்று கேட்டு வாங்குங்கள்.

பொருத்தியதிலும் கோளாறு. கேமின் தாழ்ந்த பக்கம் லீவருக்கு எதிரே வரும்படி என்ஜினைக் கையால் சுற்றிவிட்டுப் பம்பை வைத்தால் நட்டுகள் விரலாலேயே பெருமளவு இறங்கும். ஸ்பேனர் போட்டு இழுத்து உட்காரவைத்தால் லீவர் வளையும். பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ஸ்பேசரை (இடைவெளிக் கட்டை) விட்டுவிட்டால் டயாஃப்ரம் அளவுக்கு மீறி இழுபட்டுச் சீக்கிரம் கிழியும். பேக்கிங்கை இரட்டையாகப் போட்டால் லீவர் அசையும் தூரம் (ஸ்ட்ரோக்) குறைந்து பெட்ரோல் போதாது. இந்த வண்டியில் ஸ்பேசரே இல்லை, பதிலுக்குச் சிலிக்கான் பேஸ்ட். அதையே ஓஸ் முனையிலும் பூசியிருந்தார்கள். பெட்ரோலில் சிலிக்கான் பிய்ந்து போய் கார்ப்பரேட்டரின் நீடில் வால்வில் (பெட்ரோல் உள்ளே வருவதைத் திறந்து மூடும் ஊசி) மாட்டிக்கொள்ளும்.

‘எலக்ட்ரிக் பம்ப் போட்டா தொல்லையே இல்ல சார்’ என்பது அடுத்த வலை. எம்.பி.எஃப்.ஐ. வண்டிப் பம்ப் (கார்ப்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிக்கானது) 3 பார் அழுத்தத்தில், அதாவது நாற்பது பி.எஸ்.ஐ.க்கும் மேல் தள்ளும். இந்தக் கார்ப்பரேட்டருக்கு 2 பி.எஸ்.ஐ. போதும், 3 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவே கூடாது. மீறினால் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டில் வழியும். லோ பிரஷர் பம்பாகவே இருந்தாலும் ஃபியூஸும், விபத்தில் கரண்டைத் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்சும் இல்லாமல் போட விடாதீர்கள்.

ஓஸின் மேல் ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று அச்சு இருக்க வேண்டும். கிளிப், வெட்டுக் காடி இல்லாத வழவழப்பான பட்டையாக இருக்கட்டும். காடி உள்ளது ரப்பரை அறுக்கும். இரும்புக் குழாயை வெட்டினால் முனையில் வளையப் புடைப்பு எடுக்காமல் ஓஸை மாட்ட விடாதீர்கள், வெறும் முனையிலிருந்து உருவிக்கொள்ளும்.

பில்லில் ‘லைன் வேலை’ என்று ஒரே வரியாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை மீட்டர், எந்த அச்சு, எங்கிருந்து எங்கே என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பம்பும் ஓஸும் டிக்கியில் வந்தாக வேண்டும். வண்டியை எடுத்து நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் என்ஜின் ஆறியிருக்கும்போது கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்குங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.