சாங்கியில் இறங்கி கப்பலேற: ரயிலா, டாக்சியா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் அதே கேள்வி வரத் தொடங்கிவிடும். "சொகுசுக் கப்பல் டிக்கெட் போட்டாச்சு. சாங்கி ஏர்போர்ட்டிலிருந்து கப்பலுக்கு எப்படிப் போறது?" பல வருடங்களாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். வரும் சொந்தக்காரர்களை ஏற்றிவிடவும், நானே குடும்பத்தோடு கப்பலேறவும் இந்தத் தடத்தில் போய்வந்துகொண்டே இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் இருவராக வந்தால் ரயில். நான்கு பேர், கூடவே பெரிய பெட்டிகள், முட்டிவலி உள்ள பெரியவர்கள் என்றால் டாக்சி. டூர் ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு என்று விற்கும் 'டிரான்ஸ்ஃபர்' மட்டும் வேண்டாம். என் சித்தப்பா குடும்பத்துக்குத் தலைக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஓர் ஏஜென்ட் போட்டிருந்தார். நான்கு பேருக்கு 80 வெள்ளி. அதே தூரத்துக்கு டாக்சியில் மொத்தமாக 25 முதல் 35 வெள்ளிதான் ஆகும், ரயிலில் நான்கு பேருக்கும் சேர்த்து 10 வெள்ளிகூட வராது. ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்ற ஒரே தைரியத்தில் விற்கப்படும் பொருள் அது. எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம் இது.

அடுத்து, எந்தத் துறை என்று பாருங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் பழைய சிங்கப்பூர் குரூஸ் சென்டர். மற்றது 2012-இல் திறந்த மரினா பே குரூஸ் சென்டர். ஹார்பர்ஃபிரண்டில் செந்தோசாவுக்குப் போகும் கேபிள் கார் கடலுக்கு மேலே குறுக்கே ஓடுகிறது. உயரமான கப்பல்கள் அதன் அடியில் நுழைய முடியாது. அதனால் இன்றைய பெரிய கப்பல்கள் எல்லாம் மரினா பேயில்தான் நிற்கின்றன. ஊரிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் இடம். இருந்தாலும் டிக்கெட்டில் முனையத்தின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். தானா மேரா ஃபெரி டெர்மினல் என்று ஒன்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது பாத்தாம், பிந்தான் தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கானது. உங்கள் கப்பல் அங்கே வராது.

சரி, ரயிலுக்கு வருவோம். சாங்கி விமான நிலைய எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் 2, 3-ஆம் முனையங்களுக்குக் கீழே இருக்கிறது. முதல் முனையத்தில் இறங்கினால் ஸ்கைடிரெயின் என்ற இணைப்பு ரயில், அல்லது ஜூவல் வணிக வளாகம் வழியாக நடை. நான்காம் முனையத்தில் இறங்கினால் இலவசப் பேருந்து உண்டு, அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ரயிலில் ஏறினால் எக்ஸ்போ தாண்டி தானா மேராவில் இறங்கி, நகரத்துக்குப் போகும் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும். எக்ஸ்போவில் நீலத் தடத்துக்கு மாறினால் சீக்கிரம் போகலாம் என்று கைப்பேசி சில நேரம் காட்டும். பெட்டியோடு வருபவர்களுக்கு அது வேண்டாம், மாறுதல்கள்தான் கூடும்.

தானா மேராவிலிருந்து பெடோக், பாய லேபார், காலாங் என்று அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே மேம்பாலத்தில் ஓடும் ரயில் காலாங்கைத் தாண்டியதும் நிலத்தடிக்குள் இறங்கும். லாவெண்டர், பூகிஸ், சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ். சிட்டி ஹாலில் ஒரு கூட்டமே பெட்டிகளை இழுத்துக்கொண்டு இறங்கும், நீங்கள் இறங்காதீர்கள். சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் இரண்டிலுமே பச்சைத் தடத்திலிருந்து சிவப்புத் தடத்துக்கு மாறலாம். ஆனால் சிட்டி ஹாலில் எதிரே வந்து நிற்பது ஆர்ச்சர்ட் பக்கம் போகும் ரயில். மரினா சவுத் பியர் போகும் ரயிலைப் பிடிக்க அங்கே வேறு தளத்துக்குப் போக வேண்டும். ராஃபிள்ஸ் பிளேஸில் அந்தத் தொல்லை இல்லை. இறங்கி, அதே நடைமேடையைக் குறுக்கே கடந்தால் எதிர்ப்பக்கமே மரினா சவுத் பியர் ரயில். மின்படி இல்லை, லிஃப்ட் இல்லை, பத்துப் பதினைந்து அடிதான். ஒரே ஒரு நிலையம் பொறுத்திருந்தால் இரண்டு பெட்டிகளைத் தூக்கித் திரியும் வேலை மிச்சம். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னதற்கே என் அத்தை இன்றைக்கும் என்னை வாழ்த்துகிறார்.

அங்கிருந்து மரினா பே, அடுத்து கடைசி நிலையமான மரினா சவுத் பியர். இந்த நிலையம் 2014-இல் திறந்தது. அதற்கு முன்னால் எழுதிய பழைய வழிகாட்டிகளில் மரினா பேயில் இறங்கிப் பேருந்து பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த 400-ஆம் எண் பேருந்து கப்பல் முனையம் வரை போகும் என்பதை மழை நாளுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி கடைசி நிலையம் வரை ரயிலிலேயே போய்விடலாம்.

வெளியே வந்ததும் எதிரில் ஒரு படகுத்துறைக் கட்டடம் தெரியும். அது மரினா சவுத் பியர், கூசுத் தீவுக்கும் செயிண்ட் ஜான் தீவுக்கும் படகு விடும் இடம். நிறையப் பேர் அதற்குள் போய் நின்றுகொண்டு "கப்பல் எங்கே?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கப்பல் முனையம் இன்னும் தள்ளி இருக்கிறது. பலகையைப் பார்த்து, கூரை போட்ட பாதையில் பத்துப் பதினைந்து நிமிடம் பெட்டியை உருட்ட வேண்டும். தரை சமதளம், சக்கரப் பெட்டிக்குச் சிரமமில்லை. ஆனால் மதிய வெயிலில், புழுக்கத்தில், எழுபது வயது அம்மாவை அந்தத் தூரம் நடக்க வைக்க எனக்கு மனம் வராது. பெரியவர்கள் இருந்தால் டாக்சி என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த நடைதான்.

விமான நிலையத்திலிருந்து முனைய வாசல் வரை ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொண்டால் பதற்றமில்லாமல் போகலாம். ஒருவருக்கான கட்டணம் ஏறத்தாழ 2 வெள்ளி. ரயிலில் பெட்டி வைக்கத் தனித் தட்டு கிடையாது, காலுக்கு நடுவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. தாகம் எடுத்தால் நிலையத்துக்கு வெளியிலேயே குடித்துவிட்டு வாருங்கள்.

இனி அட்டை. பயணத்துக்குப் பயணம் வாங்கும் டிக்கெட்டை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஊரில் வைத்திருக்கும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே நிலையத்தின் நுழைவுக் கதவில் தட்டி உள்ளே போகலாம். இதற்கு இரண்டு நிபந்தனைகள். நம் நாட்டு வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தட்டிப் பணம் செலுத்தும் (கான்டாக்ட்லெஸ்) வசதியும் நாமாகத் திறந்தால்தான் வேலை செய்யும். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதி இது. விமானம் ஏறும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவிடுங்கள். இங்கே வந்து கதவருகில் நின்று ஓடிபிக்குக் காத்திருப்பது பெரிய அவஸ்தை. இரண்டாவது, ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். அப்பா தட்டி உள்ளே போய், அதே அட்டையை அம்மாவிடம் நீட்ட முடியாது. உள்ளே போகத் தட்டிய அட்டையையேதான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். அட்டையில் நுழைந்து கைப்பேசியில் வெளியேறினால் இரண்டும் ஒரே கணக்காக இருந்தாலும் இயந்திரம் இரண்டு ஆட்களாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். ஓரிரு நாளுக்கு அது பெரிதில்லை. நாலைந்து நாள் ஊர் சுற்றப் போகிறீர்கள் என்றால் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஈஸிலிங்க் அட்டை வாங்கிவிடலாம். 0.9 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்குப் பெரியவரோடு வந்தால் கட்டணமே கிடையாது.

டாக்சி எடுப்பதாக இருந்தால் நேரத்தைப் பார்த்து ஏறுங்கள், அதில்தான் காசு இருக்கிறது. மீட்டருக்கு மேல் விமான நிலையக் கூடுதல் கட்டணம் 6 வெள்ளி, மாலை 5 மணிக்கு மேல் நள்ளிரவு வரை 8 வெள்ளி. நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை ஏறினால் மீட்டரில் பாதி கூடுதலாகச் சேரும். வார நாள்களில் காலை 6 முதல் 9.30 மணி வரை கால் பங்கு சேரும், மாலை நேரத்திலும் அப்படியே. சென்னை, திருச்சியிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் விடியற்காலையிலோ காலையிலோ இங்கே இறங்குகின்றன. அதாவது, கட்டணம் ஏறியிருக்கும் நேரத்தில்தான் நீங்கள் வரிசையில் நிற்பீர்கள். ரயிலும் வார நாளில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை அலுவலகம் போகிறவர்களால் நிரம்பி வழியும், அந்த நெரிசலில் பெரிய பெட்டியோடு ஏறுவது பாவம். கப்பலில் அறை மதியத்துக்குப் பிறகுதான். அதனால் நான் வருகிறவர்களை ஒன்பதரை வரை ஜூவலில் உட்கார வைத்துவிடுவேன். முகம் கழுவி, நிதானமாகச் சாப்பிட்டு, பல்லைத் துலக்கிக் கிளம்பினால் டாக்சியும் மலிவு, ரயிலும் காலி. ஜூவலின் 40 மீட்டர் நீர்வீழ்ச்சி அவ்வளவு காலையில் ஓடாது. அதை ஊர் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியில் அழைக்கும் கிராப் தனியார் வாடகைக் கார் பல நேரம் டாக்சியைவிடக் குறைவாகக் காட்டும், மழை பெய்தால் ஏறிவிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கவனியுங்கள். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சித்தப்பாவின் பேரப்பிள்ளைகளைப் பார்த்ததும் ஓர் ஓட்டுநர் ஏற்ற மறுத்துவிட்டார். "என்னப்பா, காசுதான் தர்றோமே?" என்று சித்தப்பா வருத்தப்பட்டார். ஓட்டுநர் மேல் தப்பில்லை, பிடிபட்டால் அபராதம் அவருக்கு. பிள்ளைகளோடு வருபவர்கள் நேராக டாக்சி வரிசைக்கே போய்விடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒரு நாள் முன்னதாக வந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது, டாக்சியில் மிச்சம் பிடித்த காசெல்லாம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் தங்கினால் சாப்பாட்டுக் கவலை கிடையாது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதாத் தடத்தில் ஏறி தோபி காட்டில் சிவப்புத் தடத்துக்கு மாறினால் நேராக மரினா சவுத் பியர். தோபி காட்டில் மட்டும் நடையும் மின்படியும் கொஞ்சம் அதிகம். கப்பல் ஹார்பர்ஃபிரண்டில் என்றால் இன்னும் சுலபம், அதே ஊதாத் தடத்தின் கடைசி நிலையம் அதுதான், மாறவே வேண்டாம்.

திரும்பும் நாளில் நான் ரயிலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே காலையில் இறங்குவார்கள், டாக்சி வரிசை வளைந்து வளைந்து போகும். மரினா சவுத் பியரிலோ ரயில் காலியாகப் புறப்படும், பெட்டியோடு எல்லோருக்கும் இடம் கிடைக்கும். ராஃபிள்ஸ் பிளேஸில் மறுபடியும் நடைமேடையைக் குறுக்கே கடந்தால் போதும். காலையில் கூட்டம் நகரத்துக்குள் வருகிறது, நீங்கள் வெளியே போகிறீர்கள். இடையில் பினாங்கு, புக்கெட் என்று போய்வருவதால் சிங்கப்பூருக்குள் இரண்டாவது தடவை நுழைகிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பலமுறை நுழையும் விசா இருக்க வேண்டும், இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும். அதைக் கப்பலில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஊருக்குப் போகும் விமானத்தை மதியம் இரண்டு மணிக்குப் பிறகு போட்டால், நடுவில் அந்த நீர்வீழ்ச்சிக்கும் நேரம் இருக்கும்.