ஓசூர் மனைச் சந்தை எழுந்துவிட்டதா? இலவச ஈசியில் எதைப் பார்க்க வேண்டும்

"ரேட் ஏறிடுச்சு, இப்ப விட்டா கிடைக்காது." சூளகிரியிலிருந்து பாகலூர் வரை புரோக்கர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான். அது உண்மையா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் ஈசி என்கிற வில்லங்கச் சான்றை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியலை, பார்வையிடும் சேவை அது. பலர் பத்திரம் போடும் முன் ஒருமுறை மட்டும் அதைத் திறக்கிறார்கள். ஒரு பகுதியின் சந்தை நிஜமாகவே மீண்டதா என்று அறியவும் இதைவிட நம்பகமான சேவை கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு வேறு இல்லை. ஆனால் விலையை அதில் தேடினால் ஏமாந்துபோவோம். யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்பதைத் தேட வேண்டும்.

விலை ஏன் ஏமாற்றும் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஈசியில் 'கைமாற்றுத் தொகை' என்று வருவது பத்திரத்தில் எழுதிய தொகை. பெரும்பாலும் அது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது, நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது, சந்தை படுத்தது. 2017 ஜூன் 9 முதல் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, கட்டணத்தை 2 சதவீதமாக்கியது.

இதன் விளைவை 30க்கு 40 சைட் ஒன்றில் பார்க்கலாம். 2017க்கு முன் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,200 சதுர அடிக்கு 12 லட்சம். 2017 குறைப்புக்குப் பின் 8.04 லட்சம். 2023க்குப் பின் மறுபடி 12 லட்சம். ஆக, ஒரே மனை 2023 மார்ச்சில் 8 லட்சத்துக்கும் ஏப்ரலில் 12 லட்சத்துக்கும் கைமாறியதாக ஈசி காட்டும். ஏறத்தாழ 50 சதவீத ஏற்றம்! சந்தையில் எதுவுமே நடந்திருக்காது. பத்திரச் செலவும் முத்திரைத் தீர்வையோடு சேர்த்து 88,440 ரூபாயிலிருந்து 1,08,000 ரூபாய் ஆகியிருக்கும், அவ்வளவுதான். அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு பொய் ஏற்றம் உண்டு. 2023 டிசம்பர் வரை புது வீட்டுக்கு நிலத்தின் பிரிக்கப்படாத பங்கை மட்டும் கிரையம் செய்து, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுவார்கள். அதன்பின் நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பத்திரம். தொகை பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. இந்தத் தேதிகளைத் தாண்டி ஒப்பிட்ட எந்த 'விலை ஏற்ற' வரைபடத்தையும் நம்ப வேண்டாம்.

சரி, எப்படித் தேடுவது? குறைந்தது ஐந்தாறு வருடம் ஆன ஒரு லேஅவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அங்கீகார வரைபடத்தில் எல்லாப் புல எண்களும் இருக்கும். தளத்தில் மின்னணு சேவைகளில் வில்லங்கச் சான்று, அதில் பார்வையிடுதல். மண்டலம் சேலம், பிறகு மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு. ஒரே அளவுள்ள இரண்டு கால இடைவெளிகளில் தனித்தனியாகப் போடுங்கள்: 2018–19 ஒன்று, 2024–25 இன்னொன்று.

அச்சாகி வரும் பட்டியலில் 'தன்மை' என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. மனை எண் 47க்கு ஒரு கிரைய ஆவணம் வருகிறது, அதே நாளோ சில நாள் கழித்தோ அதே மனைக்கு 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று அடுத்த பதிவு வருகிறது என்றால், வாங்கியவர் வங்கிக் கடன் எடுத்திருக்கிறார். நாம் எம்ஓடி என்று சொல்வது அதுதான். அதில் காட்டும் கடன் தொகை கிரையத் தொகையைவிட அதிகமாக இருந்தால் வீடு கட்டும் செலவும் கடனில் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர் குடியேற வாங்கியவர். மாதத் தவணை கட்டக்கூடிய சம்பளம் உள்ளவர். சிப்காட் வேலையை நம்பி எழும் சந்தைக்கு இந்த ஆட்கள்தான் அடித்தளம். பத்துக் கிரையத்தில் நான்கைந்துக்கு எம்ஓடி தொடர்ந்து வந்தால் அந்தப் பகுதி மீண்டுவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். ஒன்றுகூட இல்லையென்றால் பணம் கையில் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள் என்று பொருள்.

அடுத்து 'முந்தைய ஆவண எண்'. அது லேஅவுட் போட்டவரின் தாய்ப்பத்திரமாக இருந்தால் இது முதல் விற்பனை. அதே மனையின் சென்ற வருடக் கிரையமாக இருந்தால் கைமாற்று வியாபாரம். ஒரே மனை இரண்டு வருடத்தில் மூன்று பேரிடம் போயிருக்கும் இடங்களில் கடைசியாக வாங்குபவர்தான் மாட்டிக்கொள்கிறார். கிரையமே வராத மனை எண்களையும் எண்ணிப் பாருங்கள். ஆறு வருடம் கழித்தும் பாதி மனை லேஅவுட் போட்டவரிடமே இருந்தால், 'சில சைட் மட்டும் பாக்கி' என்ற விளம்பரத்தின் தரம் தெரிந்துவிடும்.

தவறு நேரும் இடங்களும் உண்டு. பட்டா மாறி 125/2 என்பது 125/2ஏ1 ஆகியிருக்கும். புதிய உட்பிரிவை மட்டும் போட்டால் பழைய பதிவுகள் வராது, இரண்டையும் போட வேண்டும். நகருக்குள் என்றால் நகர அளவை எண்ணையும் பழைய புல எண்ணையும் தனித்தனியாகத் தேடவேண்டும். கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்தின் பெயரிலும் பார்க்க வேண்டும். வருவாய்க் கிராமத்தின் பெயரைப் போடுங்கள், குக்கிராமத்தின் பெயர் பட்டியலில் இருக்காது. 'பதிவுகள் இல்லை' என்று வந்தால் பாதி நேரம் காரணம் இவற்றில் ஒன்றுதான். பதியாத அக்ரிமெண்ட், ரொக்கமாகக் கொடுத்த முன்பணம், நிலுவையில் உள்ள வழக்கு எதுவும் இதில் தெரியாது.

என் கணிப்பைக் கேட்டால், ஓசூரை ஒரே சந்தையாகப் பார்ப்பதே பிழை. மூக்கண்டப்பள்ளி, மத்திகிரி பக்கம் வீடு தேடுபவருக்குத் தொழிற்சாலைச் சம்பளம் பின்னால் நிற்கிறது. விமான நிலையத்தைக் காட்டி விற்கும் மனைகளுக்கு அது இல்லை. 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு விமான நிலையத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. இதைச் சொல்லாமல் மனை விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

சேவையின் குறை என்றால், பட்டியலை அட்டவணையாக இறக்கிக்கொள்ள வழியில்லாததுதான் பெரியது. நூறு மனை உள்ள லேஅவுட்டைக் கையால் எண்ணிக் குறிக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும். அந்த மாலை நேரம் வீண் இல்லை. கூடவே மனை, வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான தமிழ்நாடு ரெராவின் தளத்தையும் பாருங்கள்; 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு அங்கே பதிவாகியிருக்க வேண்டும். இலவசமாகப் பார்க்கும் பிரதியை வங்கி ஏற்காது. வாங்குவது என்று முடிவானதும் கட்டணம் கட்டி, குறைந்தது 30 வருடத்துக்குச் சான்றிட்ட ஈசி வாங்கிக்கொள்ளுங்கள்.