டெர்மினல் மெனு: நேரடிச் சாளரமா, பேனலா, மெனு நூலகமா?

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கான சரக்கு இருப்பு நிரலை, டெர்மினல் திரையில் எழுத்துகளாலேயே சாளரங்களை வரைய உதவும் சி மொழி நூலகமான என்கர்சஸில் எழுதினால், முதன்மை மெனு, அதன்மேல் பொருட்பட்டியல், அதற்கும் மேலே ‘நீக்கலாமா?’ என்று கேட்கும் சிறு பெட்டி எனச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும். மேலுள்ளதை மூடியதும் கீழே இருந்ததை மீண்டும் வரைவது யார் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

சாளரத்தை உருவாக்கும் ‘நியூவின்’ கொண்டு நேரடியாகச் சாளரம் திறக்கும் வழியில் அந்தச் சுமை முழுவதும் நிரலாளருடையது. சாளரத்தை நீக்கும் ‘டெல்வின்’ நினைவகத்தை விடுவிக்குமே தவிர, திரையில் பதிந்ததை அழிக்காது. ஆகவே கீழுள்ள ஒவ்வொரு சாளரத்துக்கும், அது முழுவதும் மாறியதாகக் குறிக்கும் ‘டச்வின்’ அழைத்து, அடியிலிருந்து மேலாக வரிசை பிசகாமல் புதுப்பித்து, கடைசியில் அவற்றை உண்மையான திரைக்கு அனுப்பும் ‘டூஅப்டேட்’ அழைக்க வேண்டும். விசையை வாசிக்கும் ‘கெட்சிஎச்’ இன்னொரு தொல்லை: என்கர்சஸ் தொடக்கத்தில் தரும் முழுத்திரைச் சாளரமான அடித்திரையில் மாற்றம் ஏதும் இருந்தால், விசைக்காகக் காத்திருக்கும் முன் அதைத் தானே புதுப்பித்துவிடும், அப்போதுதான் வரைந்த மெனு கண்ணெதிரே மறைந்துபோகும். மெனுச் சாளரத்தையே குறிப்பிட்டு ‘டபிள்யூகெட்சிஎச்’ அழைப்பதுதான் முறை. சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிறு நிரலுக்கு மட்டுமே இவ்வழியைப் பரிந்துரைப்பேன்.

என்கர்சஸுடன் வரும் பேனல் நூலகம், ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள சாளர அடுக்கின் வரிசையைத் தானே காக்கிறது. மேலுள்ள சாளரத்தை மறைக்க ‘ஹைட் பேனல்’ அழைத்துவிட்டு, ‘அப்டேட் பேனல்ஸ்’, ‘டூஅப்டேட்’ இரண்டையும் அழைத்தால், மறைந்திருந்த பகுதி பழையபடி தெரியும். ஆனால் எந்த வரி தேர்வாகியுள்ளது, பட்டியல் எங்கே உருள வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அவற்றை என்கர்சஸுடனே வரும் மெனு நூலகம் பார்த்துக்கொள்கிறது: ஒரே நேரத்தில் 10 வரி காட்டுமாறு வடிவமைத்துவிட்டால், நீண்ட பொருட்பட்டியலை விசைகளுக்கேற்ப மெனுவை இயக்கும் ‘மெனு டிரைவர்’ உருட்டிக்கொள்ளும், ஒன்றை மட்டுமே தேர அனுமதிக்கும் அமைப்பை அணைத்தால் பல பொருள்களையும் சேர்த்துக் குறிக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்களை மட்டும் அது கவனிப்பதில்லை. எனவே பேனலையும் மெனு நூலகத்தையும் போட்டியாக வைப்பதைவிட, பேனலுக்குரிய சாளரத்திலேயே மெனுவை அமர்த்துவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஆம், இல்லை என்ற இரு சொற்களுக்குப் பேனலே போதும்.

ஷெல் ஸ்கிரிப்டில் ஓரிரு கேள்விகள் மட்டும் கேட்பதென்றால், கேள்விப் பெட்டிகளைத் தாமே காட்டும் ‘டயலாக்’ அல்லது ‘விப்டெயில்’ கட்டளை போதுமானது.

எதைத் தேர்ந்தாலும், தமிழ்ப் பெயர்களைக் காட்ட என்கர்சஸின் அகல எழுத்துப் பதிப்பை இணைத்து, தொடக்கத்திலேயே மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பை ஏற்கும் ‘செட்லொக்கேல்’ அழைத்தாக வேண்டும். கண்ணுக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் ‘வெங்காயம்’ யூடிஎஃப்-8 முறையில் 27 பைட் என்பதால், பெட்டியின் அகலத்தை, பைட்டுகளை எண்ணும் ‘எஸ்டிஆர்லென்’ கொண்டு கணக்கிட்டால் ஓரக்கோடு வெகுதூரம் விலகிவிடும். அதற்கு உரியது, திரையில் பிடிக்கும் இடத்தைக் கணக்கிடும் ‘டபிள்யூசிஎஸ்விட்த்’.